பௌர்ணமியன்று எண்ணிய செருப்புகள்

திருவண்ணாமலையில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டு இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். பௌர்ணமியன்று மட்டும் கயிறு கட்டி, அட்டையில் ‘பார்க்கிங்’ என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். மற்ற நாட்களில் வெறும் மண்தான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஆட்டோக்காரரிடம் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லுவேன். அவர் நான் மலையைக் கும்பிடத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தானும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அவர் புண்ணியத்தைக் கெடுப்பானேன் என்று நானும் விட்டுவிடுவேன்.

ஐந்து போர்ஷன்கள் அங்கே. கேட்டைத் திறந்ததும் இடது கைப் பக்கம் முதல் போர்ஷன், அதை ஒட்டி வரிசையாக மற்றவை, கடைசியில் வீட்டுக்காரம்மாவின் வீடு. நடுவில் முற்றம். மழைக்குச் சேறாகிறது என்று முற்றம் முழுக்க ஜல்லி கொட்டியிருந்தார்கள். வெறுங்காலோடு அதில் நடந்தால் உயிர் போகும். எல்லாருக்கும் சேர்த்து ஒரு போர், மாடியில் ஒரு டேங்க், பின்பக்கம் இரண்டு பாத்ரூம். காலையில் பாத்ரூம் வாசலில் வாளியை வைத்து இடம் பிடிக்க வேண்டும். வாளியை நகர்த்திவிட்டார்கள் என்று நான் போட்ட சண்டைகளை எண்ணி முடியாது. இன்றைக்கு என் சொந்த வீட்டில் இரண்டு பாத்ரூம் இருக்கிறது, எனக்கும் என் கணவருக்கும். சண்டை போட ஆளில்லை. உள்ளதைச் சொன்னால் அந்த வாளி வரிசைக்கு இப்போதும் ஏங்குகிறேன்.

வீட்டுக்காரம்மா நல்ல உயரம். மோட்டார் சுவிட்ச் அவருடைய வீட்டுக்குள்தான் இருந்தது, எங்கள் எல்லாருடைய தண்ணீரும் அவர் விரல் நுனியில். சாயங்காலம் மோட்டார் போட்டுவிட்டு முற்றத்தில் ஒரு நடை நடப்பார். அந்த நடையின்போது அவர் பார்வை யார் முகத்திலும் நிற்காது, தரையில்தான் இருக்கும். ஒவ்வொரு வாசலிலும் கிடக்கிற செருப்பை எண்ணிக்கொண்டே போவார். புது ஜோடி ஒன்று தெரிந்தால் போதும், “இன்னா, ஊர்லருந்து தம்பி வந்துக்கிறாரா?” என்று குரல் வரும். அவர் தம்பி என்றால் தம்பியாகத்தான் இருக்கும். ஆண் செருப்பா பெண் செருப்பா, டவுன் செருப்பா கழனிச் செருப்பா என்பது வரை பார்த்தே சொல்லிவிடுவார்.

அதில் நியாயமும் இருந்தது, மறுக்க முடியாது. ஆள் கூடினால் தண்ணீர் குறையும். செப்டிக் டேங்க் சீக்கிரம் நிரம்பும், லாரி வந்து எடுக்கிற நாளில் யாரும் சாப்பிட முடியாது. ஐந்து குடித்தனத்தை வைத்து மேய்க்கிறவருக்கு எத்தனை பேர் என்கிற கணக்கு வேண்டியதுதான். ஆனால் அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும் என்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். முதல் போர்ஷனில் ஒரு லாட்ஜ் மேனேஜர் குடும்பம் இருந்தது. மாமியார், மாமனார், இரண்டு பையன்கள் என்று ஆறு பேர். “நல்ல ஜனங்க” என்பார் வீட்டுக்காரம்மா. அவர்கள் காலி செய்துகொண்டு போன பிறகு, போர்ஷன் பார்க்க வந்தவர்களிடம் திடீரென்று “நாலு பேருக்கு மேல கூடாது” என்று ஆரம்பித்துவிட்டார். அதுவும் எல்லாரிடமும் இல்லை. பிடிக்காதவர்களிடம் மட்டும்.

அப்படி ஒரு நாள் காலையில், நான் முற்றத்துக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் மூன்று மகள்களையும் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். வீடு பார்க்கப் போகிறவர்கள் பிள்ளைகளில் ஒன்றிரண்டைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வருவதுதான் ஊர் வழக்கம், எண்ணிக்கை குறைவாகத் தெரியட்டும் என்று. இவள் மூன்றையும் தலை சீவிப் பவுடர் பூசி வரிசையாக நிறுத்தியிருந்தாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது.

“எத்தினி பேரும்மா?” என்றார் வீட்டுக்காரம்மா.

“அஞ்சு பேருங்கம்மா. நானு, அவரு, இதுங்க மூணு. அவரு பஸ் ஸ்டாண்டாண்ட ஓட்டல்ல டிபன் மாஸ்டரா இருக்காரு. நான் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பேன்.”

“எந்த ஊரு?”

“கீழ்பென்னாத்தூர் பக்கங்கம்மா.”

“பக்கம்னா? ஊருக்குள்ளயா, ஊருக்குத் தள்ளியா?”

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்தது. “தள்ளிதாங்கம்மா” என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“அதான் பாரு, எங்க கிட்ட ஒரு போர்ஷனுக்கு நாலு பேர்தான். நீங்க அஞ்சு பேரு. தண்ணி பத்தாது” என்றார் வீட்டுக்காரம்மா, குரலில் இரக்கத்தைத் தடவி.

அந்தப் பெண் தகராறு செய்யவில்லை. சரிங்கம்மா என்று திரும்பினாள். நடுப்பெண்தான் “இங்கயும் இல்லையாம்மா?” என்று கேட்டது. ‘இங்கயும்’ என்ற அந்த ஒரு சொல்லில் அவர்கள் ஏறி இறங்கின வாசல்கள் எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டன. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வேறு. எனக்குக் கோபம் வந்தால் வாய் கை இரண்டும் நிற்காது. கையிலிருந்த ஈரத் துணியை வாளியிலேயே போட்டுவிட்டு, “கொஞ்சம் இருங்க” என்று அவளைக் கேட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன்.

நான் அப்போது ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க வாடகை ஒப்பந்தம் டைப் அடிக்கிற வேலை. எந்த வீட்டுக்காரர் எந்தப் பயத்துக்கு எந்த நிபந்தனை போடுகிறார் என்பது எனக்கு மனப்பாடம். ஆணி அடிக்கக் கூடாது என்பவர் சுவரை நேசிக்கிறவர். விருந்தாளி கூடாது என்பவர் யாராலேயோ ஏமாந்தவர். இத்தனை பேருக்கு மேல் கூடாது என்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையிலேயே தண்ணீர் கஷ்டம். மீதிப் பாதிக்கு ஆளைப் பிடிக்கவில்லை, அதை எண்ணிக்கையாகச் சொல்கிறார்கள்.

வீட்டுக்காரம்மாவை அவருடைய வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். “அக்கா, தண்ணிதானே பிரச்சன? வேற ஒண்ணும் இல்லியே?” என்றேன்.

“வேற இன்னா இருக்குது? நான் இன்னா அந்த மாதிரி ஆளா?”

“இல்லதானே. அப்ப தண்ணியவே பேசலாம். லாட்ஜ் மேனேஜர் வூட்ல ஆறு பேரு இருந்தாங்க. அப்பவும் இதே டேங்க்குதான்.”

“அவங்க வேற.”

“எப்பிடி வேற? அவங்க குளிக்கலியா?”

வீட்டுக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபக்காரர்தான், ஆனால் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாதவர். அந்தச் சந்தில் நான் உள்ளே நுழைந்துவிட்டேன். ஒருநாளைக்கு எத்தனை முறை டேங்க் நிரம்புகிறது, ஒரு ரூமில் பாய் விரித்தால் எத்தனை பேர் கால் நீட்டலாம், இரண்டு பாத்ரூமுக்குக் காலையில் எத்தனை பேர் தாங்கும் என்று அவரையே சொல்ல வைத்தேன். கடைசியில், ஒரு ரூம் போர்ஷனுக்கு மூன்று பேர், இரண்டு ரூமுக்கு ஐந்து பேர் என்று வந்து நின்றது. முதல் போர்ஷன் இரண்டு ரூம்.

“ஒரு வார்த்த சொல்லிட்டோம்னா எல்லாருக்கும் அதே வார்த்த இருக்கணும்க்கா. எத்தினி பேருன்னு மட்டும் கேளுங்க. யாரு, இன்னா, எந்தப் பக்கம்னு கேக்காதீங்க. பசங்க ஜாஸ்தி, பொட்டப்புள்ள ஜாஸ்தி, அந்தப் பேச்சும் வேணாம்.”

“கைக்குழந்தையும் ஒரு தலையா?”

“அது நடந்துபோய் பக்கெட் தூக்கற வரைக்கும் தலை இல்ல.”

“என் வூட்டுக்கும் இந்தக் கணக்குதானா?”

“உங்க வூட்டுக்கும்தான்.”

“நான் வூட்டுக்காரிடீ” என்றார். ஆனால் தலையை ஆட்டினார். தண்ணீர் பத்தாது என்று சொன்னது அவர் வாய்தான். அதிலிருந்து அவரால் இறங்க முடியவில்லை. அவர் மனசு மாறியது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சொன்ன சாக்கில் அவரே மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கான ஒப்பந்தத்தை நானே டைப் அடித்தேன். இரண்டு ரூமுக்கு ஐந்து பேருக்கு மேல், ஒரு ரூமுக்கு மூன்று பேருக்கு மேல் குடியிருக்கக் கூடாது, எல்லாப் போர்ஷன்களுக்கும் இதுவே விதி என்று அடிக்கும்போது, என்னமோ நாட்டுக்கே சட்டம் எழுதுகிற மாதிரி ஒரு பெருமை.

அந்தப் பெருமையில் விருந்தாளியைப் பற்றி ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை. வேறு ஊராக இருந்தால் பரவாயில்லை. திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு விருந்தாளியை மறந்தோம்.

எங்கள் ஊரில் வீடு வைத்திருப்பவருக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சொந்தக்காரர்கள் முளைப்பார்கள். கல்யாணத்தில் ஒருமுறை பார்த்த சித்தப்பாவின் மச்சினர், பக்கத்து ஊருக்குக் கட்டிக்கொடுத்த நாத்தனார், நாத்தனாரோடு வேலை செய்கிறவர்கள், எல்லாரும் வருவார்கள். மத்தியானம் வந்திறங்கி, குளித்து, இலையைப் போட்டுச் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் கட்டையைச் சாய்த்துவிட்டு, பொழுது சாய்கிற நேரத்துக்கு மலையைச் சுற்றக் கிளம்புவார்கள். விடிவதற்குள் அங்கங்கே உட்கார்ந்து எழுந்து திரும்பி வந்து, காபி குடித்துவிட்டு பஸ் ஏறுவார்கள். காம்பவுண்டு முழுக்க எலுமிச்சை சாத வாசனையும் ஈரத்துண்டு வாசனையுமாக இருக்கும். யார் வீட்டு விருந்தாளி யார் வீட்டில் சாப்பிடுகிறார் என்றே தெரியாது. ஒருமுறை என் வீட்டில் இரண்டாவது முறை ரசம் வாங்கிச் சாப்பிட்ட பெரியவரை என் கணவரின் சொந்தம் என்று நான் நினைத்திருந்தேன், என் சொந்தம் என்று அவர் நினைத்திருந்தார். கடைசியில் அவர் நான்காவது போர்ஷன்காரரின் மாமா. அந்தக் கூட்டத்தில் நான் சலித்துக்கொண்டே சமைத்திருக்கிறேன். இப்போது பௌர்ணமிக்கு வருகிறவர்கள் லாட்ஜில் ரூம் போட்டுவிட்டு போனில் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். வீடு சுத்தமாக இருக்கிறது. எனக்குத்தான் என்னவோ போல இருக்கிறது.

மூன்று மகள்களோடு அவள் குடிவந்த பிறகு வந்த முதல் பௌர்ணமி அது. என் வீட்டுக்கு என் சித்தியும் அவர் குடும்பமுமாகச் சேர்ந்து ஏழு பேர் வந்திருந்தார்கள். வீட்டுக்காரம்மா வீட்டுக்கு அவருடைய தங்கை ஒரு வேன் நிறையச் சனத்தோடு வந்திருந்தார். மற்ற போர்ஷன்களிலும் அதே கதைதான். என் கணவர் வெளியூர் போயிருந்தார், நான் என் ஆட்களோடு வெயில் தாழ்ந்ததும் மலை சுற்றக் கிளம்பிவிட்டேன். நான் போன பிறகு நடந்ததை இரண்டாவது போர்ஷன்காரம்மா மறுநாள் காலையில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் டேங்க் காலியாகிவிட்டது. வீட்டுக்காரம்மாவின் தங்கை தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் நின்றுபோனதாம். போரிலும் தண்ணீர் இழுக்கவில்லை. உள்ளேயிருந்து தங்கை கத்த, வெளியே அக்கா முற்றத்தில் இறங்கி ஒரு நடை நடந்திருக்கிறார். பார்வை வழக்கம்போலத் தரையில். என் வாசலில் செருப்பு இல்லை. இரண்டாவதில் வீட்டோடு இருந்த அந்தம்மாவின் ஒரே ஜோடி, மற்ற எதிலும் இல்லை. முதல் போர்ஷன் வாசலில் மட்டும் ஒரு குவியல்.

“அஞ்சு பேருன்னு சொல்லிட்டு இன்னா இது? ஊரயே கூட்டி வச்சிருக்கியா?” என்று பிடித்துக்கொண்டிருக்கிறார்.

“எங்க வூட்டுக்கு யாரும் வரலைங்கம்மா.”

“அப்ப இந்தச் செருப்பெல்லாம் தானா நடந்து வந்துச்சா? வார்த்த தவறினா வார்த்த தவறினதுதான். மாசம் முடியறதுக்குள்ள வூட்ட காலி பண்ணிடு.”

அவள் சரிங்கம்மா என்று உள்ளே போய்விட்டாளாம். தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு தங்கையும் ஒருவழியாகக் கிளம்பிப் போயிருக்கிறார்.

நாங்கள் மலையைச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. கேட்டைத் திறந்தால், முதல் போர்ஷன் வாசலில் பாத்திரங்களைக் கழுவி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள் அவள். மாசம் முடிய இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாவது போர்ஷன்காரம்மா என்னை ஓரமாக இழுத்து விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், வீட்டுக்காரம்மாவும் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு கேட்டுக்குள் வந்தார்.

இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மலையைச் சுற்றுகிறவர்கள் வெறுங்காலோடு போவார்கள். ஆனால் எங்கள் முற்றத்தில் ஜல்லி. அதில் வெறுங்காலோடு நடக்க முடியாது. அதனால் எல்லா வீட்டு ஆட்களும் கேட்டு வரைக்கும் செருப்போடு வந்து, கேட்டுக்குப் பக்கத்தில், அதாவது முதல் போர்ஷன் வாசலில், கழற்றிப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்குவார்கள். அந்தக் குவியல் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கேதான் கிடக்கும். லாட்ஜ் மேனேஜர் இருந்த காலத்திலும் கிடந்தது. வீட்டுக்காரம்மா அதைத் தாண்டித் தாண்டித்தான் போய்வந்தார். எண்ண வேண்டும் என்று அவருக்கு அன்றுவரை தோன்றவில்லை.

நான் அந்தக் குவியலில் குனிந்து என் செருப்பைத் தேடி எடுத்து, கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரம்மாவின் முன்னால் நின்றேன்.

“இது யாருதுன்னு தெரியுதாக்கா?”

அவர் பார்த்தார். வருஷக்கணக்காக என் வாசலில் எண்ணிய செருப்பு. தெரியாமல் என்ன.

“இதோ இது என் சித்தியோடது. இது என் சித்தப்பாவோடது. எங்க வூட்டோடதே எட்டு ஜோடி இருக்குது. என்னையும் சேத்து வூட்ட காலி பண்ணச் சொல்லுங்க.” என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். என் சித்தி என் புடவையைப் பிடித்து இழுத்தார், சும்மா இருடீ என்று. நான் சும்மா இருக்கவில்லை. “எல்லாருக்கும் ஒரே கணக்குன்னுதானே பேசினோம்? நேத்து உங்க வூட்ல எத்தினி பேருக்கா?”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் தங்கை வந்து சேர்ந்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. கால் வலியில் விந்திக்கொண்டே வந்து, “எங்கக்கா என் செருப்பு, இதாண்டதானே உட்டேன்” என்று அந்தக் குவியலைக் காலால் துழாவி, தங்கநிறப் பட்டை வைத்த ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வேனில் வந்த சனமெல்லாம் வரிசையாக வந்து ஆளுக்கொரு ஜோடியை எடுத்துக்கொண்டது. மற்ற போர்ஷன்காரர்களும் வந்தார்கள், எடுத்தார்கள். வீட்டுக்காரம்மா பால் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். எல்லாரும் எடுத்து முடித்த பிறகு அந்த வாசலில் ஐந்து ஜோடிதான் கிடந்தது. அதில் மூன்று சின்னது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷம். ஆனால் அடுத்து நடந்ததில் அது இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

வீட்டுக்காரம்மா அட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, அவளைப் பார்த்து, வழக்கத்தை விடக் குரலை இறக்கி, “நெசமாவே உங்க வூட்டுக்கு யாருமே வரலியா? பௌர்ணமிக்கு ஒருத்தரு கூடவா வரல?” என்று கேட்டார்.

“இல்லைங்கம்மா” என்றாள் அவள், பாத்திரத்தைப் பார்த்தபடி.

உள்ளேயிருந்து கடைசிப் பெண் எட்டிப் பார்த்து, “தாத்தா வந்தாருல்லம்மா” என்றது.

“சும்மா இருடி.”

“ரோட்டுல வந்தாரு. நாங்க போய் பாத்தோம். அம்மா டப்பாவுல சோறு எடுத்துனு வந்துச்சு. தாத்தா அங்கியே உக்காந்து துன்னாரு.”

அதற்குப் பிறகு அவளால் மறைக்க முடியவில்லை. ஐந்து பேர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், ஆறாவது ஆள் வந்தால் வீடு போய்விடும் என்று பயந்து, அப்பாவை வீட்டுக்கு வர வேண்டாம் என்று போனில் சொல்லியிருக்கிறாள். அவர் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, அடி அண்ணாமலை பக்கம் ரோட்டோரம் ஒரு மரத்தடியில் காத்திருந்து, மகள் கொண்டுபோன சோற்றைத் தின்று, பேத்திகளைப் பார்த்துவிட்டு, அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார். மகள் பிடித்த வீட்டை அவர் இன்னும் பார்க்கவில்லை. காம்பவுண்டு முழுக்கச் சொந்தமும் சோறுமாக அமளிதுமளிப்பட்ட அன்றைக்கு, போட்ட விதியை ஒழுங்காகக் காப்பாற்றியது இந்த ஒரே வீடுதான். அந்த விதியை எழுதியது நான். ஏழு பேருக்குச் சமைத்துப் போட்டபோது எனக்கு அந்த வரி ஞாபகத்திலேயே இல்லை.

வீட்டுக்காரம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு அது வராது. பெட்டியிலிருந்த பாத்திரங்களில் மேலாக இருந்த குண்டானை எடுத்து அவள் வீட்டுப் படியில் வைத்தார். பிறகு தன் வீட்டுக்குப் போய் மோட்டார் போட்டுப் பார்த்தார். ராத்திரி ஊறியதில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. வெளியே வந்து, “மொதல் போர்ஷன் புடிச்சப்புறந்தான் மத்தவங்க” என்று பொதுவாகச் சத்தம் போட்டார். தங்கை வீட்டு ஆட்கள் பல் தேய்க்காமல் வரிசையில் நின்றார்கள். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அன்று சாயங்காலம் கடை முடிந்து நான் வந்தபோது வீட்டுக்காரம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “அந்தப் பேப்பர்ல விருந்தாளிய பத்தி ஒண்ணும் போடலியே நீ” என்றார், தப்பெல்லாம் என்னுடையது மாதிரி. நானும் விடவில்லை. பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். குடியிருக்கிறவர்கள் எண்ணிக்கை ரூமுக்குத் தக்க. வந்துபோகிறவர்களுக்கு எண்ணிக்கை கிடையாது, வந்து தங்குகிற நாட்கள்தான் கணக்கு. பௌர்ணமிக்கு, தீபத்துக்கு யார் வீட்டுக்கும் யாரும் வரலாம். வருகிற அன்றைக்கு ஒரு லாரித் தண்ணீர் சொல்லி, எல்லாப் போர்ஷனும் சமமாகப் பகிர்ந்துகொள்வது, வீட்டுக்காரம்மா உட்பட. அந்த ‘உட்பட’வுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. புதுசாக டைப் அடித்து ஐந்து போர்ஷனுக்கும் ஒரே மாதிரி கொடுத்தேன். முதல் போர்ஷனில் அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்து உள்ளே வைத்தாள். அப்பாவுக்குப் போன் பண்ணுங்க என்று நான் சொன்னதற்குச் சரிக்கா என்றாள். பண்ணினாளா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த பௌர்ணமியன்று மத்தியானம் அவர் வந்தார். மெலிந்த, கறுத்த மனிதர். வெள்ளை வேட்டி, தோளில் ஒரு பை நிறையப் பச்சை வேர்க்கடலை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே போகலாமா என்று யாரைக் கேட்பது எனத் தெரியாமல் விழித்தார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மாதான் முற்றத்தில் நின்றிருந்தார்.

“மொதல் போர்ஷன் அப்பாவா? உள்ள வாங்க, உள்ள வாங்க” என்று அவரே கேட்டைத் திறந்துவிட்டார். தன் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து முதல் போர்ஷன் வாசலில் போட்டார். அவர் உட்காரவில்லை. வீட்டுக்காரம்மா இரண்டு முறை சொன்ன பிறகு நுனியில் உட்கார்ந்தார். பேத்திகள் மூன்றும் அவர் மேல் ஏறி விழுந்து கடலைப் பையைப் பிடுங்கின. நான் காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவ எழுந்தார், நான் பிடுங்கிக்கொண்டேன்.

திரும்ப உட்காராமல் நின்றபடியே வீட்டுக்காரம்மாவைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“நான் எவ்ளோ நேரம் இருக்கலாங்கம்மா?”

சாதாரணமாகத்தான் கேட்டார், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி. அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன்.

பதில் உள்ளேயிருந்து வந்தது. “அப்பா, தோசைக்கு ஊறப் போட்டுக்கிறேன். நாளைக்கிக் காலைல துன்னுட்டுதான் போவணும்” என்றாள் அவள், அடுப்பங்கரையிலிருந்து, ஐந்து போர்ஷனுக்கும் கேட்கிற மாதிரி.